ரோம் மாற்றினால் சார்ஜ் நிற்காது

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் "போனில் சார்ஜ் நிற்கவில்லை" என்று சொன்னால், முதலில் மாடல் என்ன என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "பூட்லோடர் அன்லாக் ஆயிருக்கா?" என்பதாக இருக்கும். கம்பெனி போட்டு அனுப்பிய மென்பொருள்தான் பேட்டரியைத் தின்கிறது, அதைத் தூக்கிவிட்டு நல்ல கஸ்டம் ரோம் ஒன்றை அடித்தால் ஒரு நாள் நிற்பது இரண்டு நாள் நிற்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சர்வீஸ் கடைகளிலும் இதன் இன்னொரு வடிவம் ஓடுகிறது: "சாப்ட்வேர் போட்டுத் தரேன், சரியாயிடும்."

சரியாகாது என்பதே என் வாதம். சார்ஜ் நிற்காத போன்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பேட்டரி செல் கிழடு தட்டியிருக்கும், அல்லது போன் இருக்கும் இடத்தில் சிக்னல் மெலிந்திருக்கும், அல்லது ஒன்றிரண்டு செயலிகள் தூங்க மறுக்கும். முதல் இரண்டையும் எந்த ரோமாலும் தீர்க்க முடியாது. மூன்றாவதற்கு ரோமே தேவையில்லை. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தவணையில் வாங்கிய பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்தான் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரே கணினி, ஒரே கேமரா, பணம் அனுப்ப ஒரே வழி. தவறான நம்பிக்கையின் பேரில் அதைக் கொண்டுபோய், முழுதாகத் திறக்காமல் திரும்பத் திரும்ப ஆன் ஆகும் பூட்லூப்பில் சிக்கவைப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ரோம்காரர்கள் காட்டும் முதல் சான்று ஸ்கிரீன்ஷாட். முன்பு திரை ஐந்து மணி நேரம் எரிந்தது, இப்போது எட்டு மணி நேரம் எரிகிறது என்பார்கள். அந்த எண்களை நான் நம்புகிறேன். அவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் நம்பவில்லை. வேறு மென்பொருள் ஏற வழிவிட பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். மூன்று வருடமாகச் சேர்ந்த ஷாப்பிங் செயலிகள், கடன் செயலிகள், என்றோ ஒருநாள் ஆடிய விளையாட்டுகள் எல்லாம் போய்விடும். ரோம் ஏறிய பிறகு வாட்ஸ்அப், யூடியூப், இன்னும் நாலைந்து மட்டும் திரும்ப வரும். பிறகு விடுதி வைஃபையில், மின்விசிறிக்குக் கீழே, பாதி வெளிச்சத்தில் வீடியோ ஓட்டி எடுத்த கணக்கு அது. இதில் ரோமின் பங்கு எவ்வளவு, வீட்டைக் காலி செய்ததன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிப்பது கடினமும் இல்லை. கம்பெனி மென்பொருளிலேயே ஃபேக்டரி ரீசெட் செய்து, அதே நாலைந்து செயலிகளைப் போட்டு, அதே விடுதியில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதன்பிறகு ரோம் அடித்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 2009-ல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் பரவிய நாட்களில், எந்தச் செயலியும் நினைத்த நேரத்தில் பிராசசரை எழுப்பலாம், தட்டிக் கேட்க ஆளில்லை. பிராசசரைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கும் வேக்லாக்கைத் தேடிப் பிடித்து அடக்கும் ரோமுக்கும் கர்னலுக்கும் அன்று நிஜமான வேலை இருந்தது. 2015-ல் ஆண்ட்ராய்டு 6 டோஸ் வசதியைக் கொண்டுவந்தது. போனை மேசையில் அசையாமல் வைத்தால் செயலிகளின் வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டு மொத்தமாக எப்போதோ ஒருமுறை விழிக்கும் ஏற்பாடு அது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 பின்னணி வேலைகளுக்கு வேலி போட்டது. 2018-ல் ஆண்ட்ராய்டு 9, நாம் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்த்து அவற்றை வரிசைப்படுத்தி, தொடாதவற்றைப் பட்டினி போட்டது. ரோம்கள் தந்த லாபத்தின் பெரும்பகுதி இப்படி எல்லா போனுக்குள்ளும் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டு லீனியேஜ்ஓஎஸ்ஸாகத் தொடர்ந்தது. நம்பிக்கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அந்தக் காலத்துச் சடங்குகள் சிலவும் கூடவே நிற்கின்றன. ரோம் அடித்ததும் ரிக்கவரியில் போய் பேட்டரி ஸ்டாட்ஸை அழிக்க வேண்டும், அப்போதுதான் பேட்டரி 'செட்' ஆகும் என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கோப்பு எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்று காட்டுவதற்கான குறிப்பேடு மட்டுமே, சார்ஜ் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆண்ட்ராய்டைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான டயான் ஹேக்போர்ன் பத்தாண்டுகளுக்கும் முன்பே விளக்கிவிட்டார். திரையில் தெரியும் சதவீதம் பேட்டரியின் மின்னழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் தனிச் சுற்றிலிருந்து வருகிறது. அடிக்கடி ரீசென்ட்ஸைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கமும் இப்படித்தான். 2016-ல் ஆண்ட்ராய்டு பிரிவின் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரே அதனால் பயனில்லை என்றார். தள்ளிய செயலி மறுபடி முதலிலிருந்து எழும்பும்போது கூடுதலாகத்தான் செலவாகும்.

"அப்படியானால் ரெட்மி நோட் 4?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த அந்தப் போனுக்கு வந்த அளவு ரோம்கள் வேறு எதற்கும் வந்திருக்குமா என்பது சந்தேகம். ரோம் போட்டால் இரண்டு நாள் நிற்கும் என்ற புகழ் அதிலிருந்துதான் இந்த ஊர்களில் பரவியது. ஆனால் அதே பெயரில் அதற்கு முன்பே சீனாவில் விற்ற போனில் இருந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20, 20 நானோமீட்டர் சிப். இந்தியாவுக்கு வந்ததில் ஸ்னாப்டிராகன் 625, 14 நானோமீட்டர். பேட்டரி இரண்டிலும் 4100 எம்.ஏ.எச். சார்ஜைக் காப்பாற்றியது அந்தச் சிக்கனமான சிப். கம்பெனி மென்பொருளிலேயே அந்தப் போன் நன்றாகத்தான் நின்றது. சிப் சம்பாதித்த பெயரை ரோம் எடுத்துக்கொண்டது.

சிக்னலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் பாசஞ்சரில் தினமும் வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். காலையில் நூறு சதவீதத்தோடு ஏறியவர், மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் பாட்டுகூடக் கேட்காமல் கணிசமாக இழந்திருப்பார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு நிலையத்தை ஒட்டியும் சிக்னல் எழும், இடையில் வயல்வெளியில் விழும். இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதால் வந்த சிக்னலிலும் ஒரு பகுதி வெளியிலேயே நின்றுவிடும். வண்டி ஓட ஓட போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

போனின் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் வலிமை டி.பி.எம். கணக்கில் தெரியும். டவருக்குப் பக்கத்தில் அது மைனஸ் 85 என்று காட்டினால், வயல்வெளியில் மைனஸ் 115 காட்டலாம். முப்பதுதானே குறைந்தது என்று தோன்றும். இந்த அளவுகோலில் முப்பது குறைந்தால் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று பொருள். டவர் அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது போனும் தன் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். டவருக்கு அருகில் ஒரு மில்லிவாட் அளவில் பேசும் 4ஜி போன், தொலைவில் 200 மில்லிவாட் வரை ஏறும். அந்த 200-ஐ வெளியே அனுப்ப பேட்டரியிலிருந்து அதைப்போல் சில மடங்கு இழுக்கும், மிச்சம் சூடாக வீணாகும். ரயிலில் சட்டைப்பையில் போன் கதகதவென்று இருப்பது இதனால்தான்.

இதில் ரோம் என்ன செய்ய முடியும்? டவரோடு பேசும் மோடத்துக்குத் தனி மென்பொருள் உண்டு, தனிப் பகுதியில் இருக்கும், சிப் தயாரிப்பாளரும் போன் கம்பெனியும் கொடுத்தது. ரோம் அதன் மேலே உட்காருமே ஒழிய, அதை மாற்றி எழுதாது. எந்த அளவு சக்தியில் பேச வேண்டும் என்று மோடத்துக்குக் கட்டளையிடுவது டவர். விழுப்புரத்துப் பையன் போட்ட கர்னலுக்கு அதில் பேச்சே இல்லை. ரோம் மாற்றினால் நிலைமை மோசமாகும் வாய்ப்புதான் உண்டு. 4ஜியில் பேசுவதற்கான வோல்டி சரியாக அமையாமல் போன ரோம்கள் ஏராளம். இன்னும் மோசம், ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்திருக்கும் இ.எஃப்.எஸ். பகுதியை நகல் எடுக்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அந்த எண்ணே காணாமல்போய், சிம் இருந்தும் நெட்வொர்க் இல்லாமல் கடைக்கு வரும் போன்கள்.

சிக்னல் பிரச்சினைக்கு உதவுவது மிகச் சாதாரணமான வேலை. 5ஜி விளிம்பில் இருக்கும் ஊரில் அதை அணைத்து 4ஜியில் வையுங்கள். குறிப்பாக 4ஜி, 5ஜி இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு ஓடும் நெட்வொர்க்குகளில் இதன் பலன் நன்றாகவே தெரியும். இரண்டாவது சிம் வெறுமனே கிடந்து டவரைத் தேடினால் அதை அணையுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அதில் இருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது, மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் இருந்தன. அந்த மாதிரி நேரத்தில், கிடைக்காத டவரைத் தேடித் தேடியே போன் செத்துப்போகும். ஏரோபிளேன் மோடில் வைத்துவிட்டு மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர் அதே போனை இரண்டு மூன்று நாள் ஓட்டலாம். எந்த ரோமும் தராத பலன் அந்த ஒரு பொத்தானில் இருக்கிறது.

அடுத்தது செல். லித்தியம் அயன் பேட்டரியை 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வேதியியல் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் தேய்மானம் வேகமெடுக்கும். பேட்டரி யூனிவர்சிட்டி இணையதளம் வெளியிட்டுள்ள பரவலாகத் தெரிந்த அட்டவணையின்படி, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்த செல்லில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 65 மட்டுமே மிஞ்சும். கத்திரி வெயிலில் விழுப்புரத்தின் நிழலே அந்த 40-ஐ நெருங்குகிறது.

விழுப்புரத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். வண்டியின் கைப்பிடியில் மாட்டி, முழு வெளிச்சத்தில் மேப் ஓட, அதே நேரத்தில் வண்டியிலிருந்தே சார்ஜ் ஏறும்படி ஓட்டிய போன். "ணா, ரோம் மாத்திப் பாத்துட்டேன். அப்பவும் முப்பதுல இருக்கச்சொல்லவே ஆஃப் ஆவுது" என்றான். பின்மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது, உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. முப்பதில் அணைவது செல்லின் உள்மின்தடை ஏறிவிட்டதன் அடையாளம். திரை, மேப், டேட்டா மூன்றும் ஒரே சமயத்தில் இழுக்கும்போது மின்னழுத்தம் தாங்காமல் சரிந்து போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அவன் அடுத்த ரோமைத் தேடிக்கொண்டிருந்தான். உப்பிய பேட்டரியை அன்றே கழற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

குறை செல்லில்தான் என்பதற்கு உலகம் பார்த்த சான்று 2017 டிசம்பரில் வந்தது. பழைய ஐபோன்கள் மந்தமாகிவிட்டன என்று எல்லோரும் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பேட்டரியை மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பி வந்தது. தேய்ந்த செல் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத் தாங்கள்தான் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டு, மாற்று பேட்டரியின் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மறைத்தது குற்றம், அதற்காக அந்தக் கம்பெனி பின்னர் பெருந்தொகை கட்டியது. ஆனால் நோய் செல்லில் இருந்தது, மருந்தும் செல்லில்தான் இருந்தது.

இந்த வாதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, பேட்டரிக்காக என்ற பெயரில் கர்னலில் செய்யப்படும் சில வேலைகள். போன் சூடாகும்போது சார்ஜ் வேகத்தைக் குறைக்கும் காவலை நீக்குவது, சார்ஜ் மின்னோட்டத்தை உயர்த்துவது போன்ற மாட்யூல்கள் கைக்குக் கை மாறுகின்றன. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் அனுப்பி, சில பேட்டரிகள் ஏற்றுக்கொள்ளும் சார்ஜைக் குறைத்தது. பயனர்கள் கொதித்தார்கள், ரோம் மாற்றித் தப்பிக்கலாம் என்ற யோசனையும் கிளம்பியது. பிறகு அது சூடேறும் அபாயத்துக்கான ஏற்பாடு என்று ஆஸ்திரேலியாவில் முறையான பாதுகாப்பு அறிவிப்பாகவே வந்தது. கம்பெனி அதைத் தெளிவாகச் சொல்லாமல் செய்தது தவறு. அந்தப் பூட்டை உடைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது அதைவிடப் பெரிய தவறு.

ரோமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி கைவிட்ட போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்க லீனியேஜ்ஓஎஸ் போன்றவைதான் வழி. ரெட்மி நோட் 4-ஐ ஆண்ட்ராய்டு 7-உடன் கம்பெனி நிறுத்திக்கொண்டது, அதற்குப் பிந்தைய பதிப்புகளைக் கொடுத்தது ஊதியமில்லாமல் உழைத்த ரோம்காரர்கள். விளம்பரம் இல்லாத போன் வேண்டும், கூகுளிடமிருந்து விலகி நிற்க வேண்டும், உள்ளே எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் தாராளமாக அடியுங்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

"ரோம் இலவசம், பேட்டரிக்குக் காசு" என்பது அடுத்த வாதம். ஆனால் ரோமுக்கும் விலை உண்டு. பூட்லோடர் திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் ஓடாது. திண்டிவனம் மளிகைக் கடையில் க்யூஆர் கோடு முன் நின்று பணம் செலுத்த முடியாமல் தவித்த பிறகு, பூட்லோடர் திறந்திருப்பதை மறைக்க முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த மாட்யூலை ரூட் உரிமையோடு போடுகிறார்கள், அதே போனில் சம்பளக் கணக்கும் இருக்கிறது. 2018-ல் ஷாவ்மி பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பூட்டைக் கொண்டுவந்தபோது, அது தெரியாமல் பழைய பதிப்பை அடித்து ரெட்மி நோட் 5 ப்ரோக்களைப் பிரிக் ஆக்கிக்கொண்டவர்கள் பலர். பேட்டரி மாற்றுவதற்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகும். காப்பி பேட்டரி மாட்டிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்பதிவு கட்டாயம். லேபிளில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணைப் பார்த்து, பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய பெயரில் பதிவானது என்று வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே சரிபார்க்கலாம். "மூணு வருசம் ஆச்சு, புது போனே வாங்கிக்கங்க" என்று சொல்லும் கடைக்கும் இதே பதில்தான். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போனின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த உரிமையை இங்கேயும் கேட்க வேண்டுமே தவிர, வருடத்துக்கொரு போன் வாங்குவது தீர்வாகாது.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு மூன்று இரவு ஒதுக்குங்கள். படுக்கும் முன் போனை 80 சதவீதத்தில் வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, காலையில் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு அதே இடத்தில், அதே 80-ல், ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு சிம்மோடு வையுங்கள். முதல் இரவில் இரண்டு மூன்று சதவீதமும், சிம்மோடு பத்து, பதினைந்தும் இறங்கினால் சிக்னலைப் பாருங்கள். இரண்டு இரவிலும் கொஞ்சமாக இறங்கி, பகலில் மேப்பையோ கேமராவையோ திறந்ததும் சடசடவென்று விழுந்தால், முப்பதிலேயே அணைந்தால், செல்லை மாற்றுங்கள். ஏரோபிளேன் மோடிலும் பத்து சதவீதம் இறங்கினால் மூன்றாவது இரவு சேஃப் மோடில் வைத்துப் பாருங்கள். அதில் இறங்காமல் நின்றால் நீங்கள் போட்ட செயலிகளில் ஒன்றுதான் விழித்திருக்கிறது. செட்டிங்ஸின் பேட்டரி பக்கத்தில் அதன் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் கணினியில் இணைத்து டம்ப்சிஸ் பேட்டரிஸ்டாட்ஸ் கட்டளையில் எந்த வேக்லாக் எவ்வளவு நேரம் பிடித்தது என்று வரிவரியாக வரும். அந்தச் செயலியை நீக்கினால் போதும். சேஃப் மோடிலும் இறங்குகிறது, செல்லும் புதிது என்றால்தான் கம்பெனி மென்பொருளின் மீது சந்தேகப்பட இடமுண்டு. அப்போதும் முதலில் ஃபேக்டரி ரீசெட், அதற்குப் பிறகே பூட்லோடர்.